ஜன்னலோரக் கட்டில்

ஜன்னலோரக் கட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. காலில் கட்டு, கையில் ஊசி, மூக்கில் குழாய் என்று எல்லாம் இருந்தாலும் கண் மட்டும் ஜன்னல் பக்கமே போகும். வெளியே பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பஸ் நிறுத்தம், ஒரு மருந்துக்கடை, எதிர் மாடியில் காயும் துணி. அதற்கே அவ்வளவு ஆசை.

டீயைக் குடியுங்கள் சார், ஆறிவிடும். உங்களுக்கும் இனி அவசரம் இருக்காது, ஃபைலைக் கட்டிவிட்டீர்களே. செத்துப்போன பஸ் ஓட்டுநரின் மனைவி மேலிடத்துக்கு எழுதிப் போட்டதால் விசாரிக்க வந்தீர்கள். கால் உடைந்து வந்த மனுஷன் ரத்தத்தில் கிருமி ஏறி எப்படிச் செத்தார் என்பது அந்த அம்மா கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அவரையும் சேர்த்து அந்த வார்டில் மூன்று நோயாளிகளுக்கு மூன்று வேறு வேறு கிருமி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எழுந்து கிளம்பப் போனவர், செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஒண்ணு மட்டும் சொல்லுங்க டாக்டர். நிஜமாவே சம்பந்தம் இல்லையா?" என்று கேட்டீர்கள். மரியாதைக்குக் கேட்டிருப்பீர்கள். ஆனால் இத்தனை பேரில் அதை என்னிடம் கேட்டது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உட்காரச் சொன்னேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவுக்கு நான்தான் தலைமை டாக்டர். முகத்துக்கு நேராக மேடம், முதுகுக்குப் பின்னால் கிருமியம்மா. எனக்கு அதில் வருத்தமில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை நான்தான் வளர்த்தேன். படிக்கவைத்து, வேலை வாங்கிக்கொடுத்து, கல்யாணத்தையும் முன்னால் நின்று நடத்திவைத்தேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. அதுவரை யாரும் என்னைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு பேராசை எதுவும் இல்லை.

நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுப்பேன். அதில் அவர்களுக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நாம் கொடுக்கும் மருந்தை வெட்டிப்போட ஒரு கத்தரிக்கோல் செய்யும் வித்தை சில கிருமிகளுக்குத் தெரியும். அந்த வித்தை அவற்றின் உடம்புக்குள் ஒரு சின்ன மரபணு வளையத்தில் எழுதியிருக்கும். பக்கத்தில் வேறொரு கிருமி இருந்தால், இது ஒரு மெல்லிய குழாயை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்து ஒட்டிக்கொண்டு, வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். கொடுத்ததற்கு ஒன்றும் குறையாது. வாங்கியது தன் பங்குக்கு அடுத்ததற்குக் கொடுக்கும்.

நம்மிடையே அப்பன் சொத்து பிள்ளைக்குத்தான், அதிலும் பங்காளிச் சண்டை வந்து கோர்ட் வாசலில் நிற்போம். இவை அப்படியில்லை. சொந்தம், அந்நியம் என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. எல்லா வளையமும் எல்லாவற்றுக்கும் போய்விடாது என்றாலும், ஊர் சுற்றும் ரகம் ஒன்று இருக்கிறது. அது கிடைத்தால் இன்று காலை வரை சாதுவாக இருந்த கிருமி நாளைக்கு எந்த மருந்துக்கும் மசியாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். "மேடம், அதுங்க நம்மள விட நல்லதுங்க போல" என்று ஒரு பெண் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஈரமும் நெருக்கமும் வேண்டும். கை கழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்திருக்கும் குழாய் அதற்குத் தோதான இடம். அங்கே வழவழவென்று ஒரு பாசி படியும், அதற்குள் ஆயிரம் ரகம் குடியிருக்கும். ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்குத் தலைமாட்டில் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டியவர் என்ன நினைப்பில் இருந்தாரோ, குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராகத் துவாரத்தில் விழுந்து தெறிக்கும். தலையணை வரை தெறிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊசிப் பாட்டிலில் மிஞ்சும் மருந்தைத் தனியாகச் சேர்த்து அழிக்க வேண்டும் என்று விதி. அதற்கான அறை தாழ்வாரத்தின் மறு கோடியில். ஒரு நர்ஸுக்கு ஒரு வார்டே பொறுப்பு என்னும்போது யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள்? பக்கத்தில் இருக்கும் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "சரிங்க மேடம்" என்பார்கள், நான் திரும்பியதும் ஊற்றுவார்கள். அவர்கள் கால் வலி அவர்களுக்கு. அந்தத் தொட்டிக்கு உள்ளே இருந்தவை தினமும் நம்முடைய விலை உயர்ந்த மருந்தைக் குடித்துப் பழகின. தாங்காதவை செத்தன. கத்தரிக்கோல் உள்ளவை மட்டும் பிழைத்துப் பெருகின.

இனி விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றது எதுவும் கேட்காதபோது கொடுக்கும் கடைசி மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி, ஒரே இனமாக இரண்டு நோயாளிகளிடம் வந்தால் வார்டை மூட வேண்டும். நோயாளிகளை மாற்றி, தொட்டி வரைக்கும் பிரித்துச் சுத்தம் செய்து, சோதித்த பிறகுதான் திறக்கலாம். இரண்டு பேரிடம் வேறு வேறு இனம் வந்தால் அது தற்செயல், மூட வேண்டியதில்லை. அந்த விதியை எழுதியது நான்தான். வளையம் இனம் விட்டு இனம் தாவும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே அப்படி எழுதினேன். எழுதும்போது அவசரம், யாரோ நச்சரித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். திருத்தவில்லை.

அந்த விதிப்படி ஒருமுறை வார்டை மூடவும் செய்தேன், சில வருஷம் முன்னால். என்ன நடந்தது தெரியுமா? நோயாளிகள் தாழ்வாரத்தில் தரையில் கிடந்தார்கள். உறவுக்காரர்கள் என் அறைக் கதவை உதைத்தார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஒருவர் போய்ச் சேருமுன் இறந்துபோனார். இயக்குநர் எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். நானும் என் ஆட்களும் சுவர், கட்டில், திரை, கதவுப்பிடி என்று துடைத்துத் துடைத்து வளர்த்துப் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. உருப்படியாக இருந்த வார்டை மூடிய மகராசி என்று பெயர் வந்ததுதான் மிச்சம். அன்றைக்கு உடம்பில் ஏறிய அலுப்பு இன்னும் இறங்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஜன்னலோரக் கட்டிலில் முதலில் படுத்தவர் ஒரு தையல்காரர். வயிற்று ஆபரேஷன். புண்ணில் சீழ் வைத்து, கடைசி மருந்தும் கேட்காமல் போய்ச் சேர்ந்தார். வயசாளி, ஏற்கெனவே நொந்த உடம்பு, யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அதே கட்டிலுக்கு அடுத்து வந்தவர் ஒரு பள்ளிக்கூடக் காவலாளி. அவருக்குச் சிறுநீரில் கிருமி. இனம் வேறு. சிறுநீரகத்துக்கு ஆகாதென்று ஒதுக்கிவைத்திருந்த பழைய மருந்து ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றினோம், ஆனால் அது சிறுநீரகத்தை வாங்கிவிட்டது. இப்போது வாரா வாரம் ரத்தம் சுத்தம் செய்ய வருகிறார். என்னைக் கண்டால் கும்பிடுவார்.

எங்கள் வேலையில் கிருமி வளர்ந்த தட்டின் மேல் மருந்தில் நனைத்த சின்னக் காகித வட்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் விழும். செய்யாவிட்டால் கிருமி வட்டின் ஓரம் வரை வந்து நிற்கும். தையல்காரரின் தட்டும் காவலாளியின் தட்டும் நிறத்தில் வேறு, வாடையில் வேறு. ஆனால் எந்த வட்டுக்கு வளையம் விழுந்தது, எதற்கு விழவில்லை என்று பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெறும் சந்தேகம்தான்.

இதைப் பேசக் கூட்டிய கூட்டத்தில் இயக்குநர் கேட்டார், "ரெண்டும் ஒரே கிருமியா டாக்டர்?" வேறு வேறு இனம் சார் என்றேன். "அப்போ மூட வேண்டியதில்ல." விதிப்படி வேண்டியதில்லை என்றேன். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. தலைமை நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள், வார்டை மூடிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, வேண்டுமானால் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

வெறும் சந்தேகம் என்று சொன்னேன் இல்லையா, அது அவ்வளவு சரியில்லை. கூட்டத்துக்கு முன்னாலேயே, நோயாளிகள் சாப்பிடும் நேரமாகப் பார்த்து நானே வார்டுக்குப் போய், பஞ்சுக் குச்சியால் அந்தத் தொட்டியின் துவாரத்தைத் துழாவி எடுத்து வந்து வளர்த்துப் பார்த்தேன். சாக்கடையில் வழக்கமாக இருக்கும் ஒரு அப்பாவிக் கிருமி வந்தது. கடைசி மருந்துக்குக்கூட வட்டைச் சுற்றி வளையம் விழவில்லை. தையல்காரருடையது, காவலாளியுடையது, தொட்டியுடையது மூன்றிலும் மரபணுச் சோதனை செய்தேன். மூன்றிலும் அதே வித்தை, அதே மரபணு வளையம். தையல்காரரிடமும் காவலாளியிடமும் இருந்தது அந்தத் தொட்டியிலிருந்துதான் போயிருக்கிறது. தட்டுகளை முறைப்படி கொதிக்கவைத்து அழித்தேன். என் ஆட்களிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சுவர், கட்டில், திரை, கதவுப்பிடி. பாவம், அவர்களும் எத்தனை தடவைதான் துடைப்பார்கள்?

தொட்டியை மாற்ற வேண்டும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தேன். பிளம்பர் வருவார் என்றார்கள். வரவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் என் தம்பி வந்து சேர்ந்தான். சர்க்கரை வியாதி, பாதத்தில் புண், சின்ன ஆபரேஷன். காவலாளி வீட்டுக்குப் போயிருந்ததால் ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது, டாக்டர் அம்மாவின் தம்பி என்று அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். நான் போனபோது தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நர்ஸ் அவன் தலைமாட்டில் பாட்டிலைக் கவிழ்த்து மிச்ச மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷ வேலையில் அன்றைக்குத்தான் கிருமியைக் கண்டு பயந்தேன்.

தலைமை நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, அவனை உடனே கழிவறைப் பக்கக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அவனுக்குக் காற்று ஒத்துக்காது என்றேன். தம்பி குதித்தான். "நீ டாக்டரா இருந்து எனக்கு என்னக்கா பிரயோஜனம்? கக்கூஸ் வாசல்ல கொண்டுபோய்ப் போடுற" என்றான். வாயை மூடிக்கொண்டு படு என்றேன்.

அப்போது தலைமை நர்ஸ் கேட்டாள்: "சரிங்க மேடம். கக்கூஸ் பக்கம் இருக்கிறவருக்கு வேற இடம் பார்த்துக்கறேன். ஜன்னல் கட்டில யாருக்குக் குடுக்கறது? காலியா விட்டுடவா?"

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஓட்டுநர் இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அளவுக்குக் கூட்டம். அதில் ஒரு கட்டிலைக் காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதை நினைத்ததுமே எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. வார்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். கழிவறைப் பக்கக் கட்டிலில் தொடை எலும்புக்குக் கம்பி வைத்துக்கொண்டு ஓட்டுநர் படுத்திருந்தார். நல்ல ஆகிருதி, சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. தாங்கக்கூடிய உடம்பு. தம்பிக்கும் அந்தக் கட்டில்தான் வேண்டியிருந்தது. "அந்த டிரைவரப் போடுங்க. ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கார்" என்றேன். அது உண்மைதான், கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சீட்டாட்டத்தில் சீட்டு மாறுகிற மாதிரி இரண்டு கட்டிலும் மாறின. நானே பக்கத்தில் நின்று அவர் கால் இடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் வார்டுக்குப் போகும்போதெல்லாம் கூப்பிட்டுப் பேசுவார். கீழே நிறுத்தத்துக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் பற்றி அவரிடம் ஒரு புகார் இருக்கும். இவன் நிறுத்தம் தாண்டி நிறுத்துகிறான், அவன் ஆள் ஏறுவதற்குள் எடுக்கிறான், என் வண்டியை எவனோ ஓட்டி கியரை நாசம் பண்ணுகிறான் என்பார். சிரித்துக்கொண்டே கேட்பேன். ஒருநாள் திடீரென்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பிக்குக் கிடைச்ச இடத்த எடுத்து எனக்குக் குடுத்தீங்க. இந்தக் காலத்துல யாரும்மா செய்வா?" பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் மனைவி எழுந்து நின்று கும்பிட்டாள். அப்போதும் கட்டிலை நகர்த்தச் சொல்லியிருக்கலாம். தலையணையின் ஒரு ஓரம் ஈரமாக இருந்தது, அதை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

காய்ச்சல் வந்ததும் அவருடைய ரத்தத்தை நானே வாங்கி வளர்த்தேன். என் ஆட்களிடம் கொடுக்கவில்லை. மூன்றாவது ஒரு இனம், மறுபடி அதே மரபணு வளையம். பழைய மருந்தைத் தொடங்குங்கள் என்று சொல்ல மாடிப்படியில் ஓடினேன் சார், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. முடிவு எழுத்தில் வரும் வரை காத்திருக்கவில்லை. என்னால் ஆனதைச் செய்தேன். ஆனால் ரத்தத்தில் பரவிவிட்டது. நல்ல ஆகிருதிதான், தாங்கவில்லை.

அவர் மனைவி அழுது முடித்து என் அறைக்கு வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "கடைசி நாள்ல ரோட்டப் பார்த்துட்டு இருந்தாரும்மா. அது நீங்க குடுத்தது" என்றாள். நான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் அழுதேன். நிஜமாகவே அழுதேன், அவளுக்காக. அவள் மேலிடத்துக்கு எழுதியது யார் மேலும் கோபத்தில் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். என் பெயரைக்கூட நல்லவிதமாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று நீங்களே சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு இன்னொரு கூட்டம். இயக்குநர் அதே கேள்வியைக் கேட்டார், நான் அதே பதிலைச் சொன்னேன். மூன்று பேர், மூன்று இனம், விதிப்படி தற்செயல்.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில், சம்பந்தம் இருக்கிறது. எப்போது தெரியும் என்று கேட்டால், தம்பி வருவதற்கு முன்பே தெரியும். எனக்குத் தெரிந்தே அந்த இடத்தில் ஒரு ஆளைப் போட்டேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் யாரையும் தொடவில்லை, யாருக்கும் எதையும் ஊற்றவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொடுத்ததும் வாங்கியதும் அவை. கட்டில் மாற்றிய விஷயம் மட்டும் தம்பி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. புண் ஆறி நன்றாக நடக்கிறான். கக்கூஸ் வாசலில் போட்டாள் என்று இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். காரணம் தெரிந்தால் மனசு கஷ்டப்படும், இளகிய மனசு.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? அந்தக் கட்டிலா? இல்லை, காலியாக இல்லை. அந்தக் கூட்டத்தில் கட்டில் காலியாகக் கிடக்குமா? இங்கே வரும் வழியில்கூட எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு சின்னப் பையன், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனாம். தொட்டிப் பக்கம் தலையை வைத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனசு வரவில்லை.